வெனெட்டி: பெயர் ஒன்று, இனம் எத்தனை?

#1 கடலோடி
சீசரின் கோல் நாட்டுப் (இன்றைய பிரான்ஸ் பகுதி) போர்க்குறிப்புகளில் மூன்றாம் பாகத்துக்கு வந்திருக்கிறேன். பிரான்சின் வடமேற்கு முனையில், இன்றைய பிரிட்டனியில், வெனெட்டி என்று ஒரு கடலோரக் கூட்டம். சீசருக்கே தண்ணி காட்டியிருக்கிறார்கள். அதே பெயரில் இத்தாலியின் வடகிழக்கிலும் ஒரு மக்கள். வெனிஸ் நகரத்தின் பெயர் அவர்களிடமிருந்து வந்ததுதான். போதாததற்கு ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், போலந்து இருக்கும் திசையில் இன்னொரு வெனெட்டியைச் சொல்கிறார். ஹோமரைத் திறந்தால் கருங்கடல் கரையில் எனெடோய். ஒரே கூட்டம் நாலாபக்கமும் சிதறியதா, வெறும் பெயர்ப் பொருத்தமா? தேடினால் ஆளுக்கொரு கதை கிடைக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கொங்குப்பையன்
ஒரே இனம்தான் ப்ரோ. ட்ராய் போர்ல எனெடோய் ஆளுங்க ட்ராய் பக்கம் நின்னு சண்டை போட்டாங்க, தலைவன் செத்துட்டான். அப்புறம் ட்ராய்ப் பெரியவர் ஆன்டெனோர் அவங்களைக் கூட்டிக்கிட்டுக் கடல் வழியா இத்தாலிக்குக் கிழக்கே இருக்கிற ஏட்ரியாடிக் கடல் கரைக்கு வந்தார். வெனிஸ் பக்கத்துல இருக்கிற பதுவா ஊரை உண்டாக்கினதே அவர்தான். ரோம வரலாறு எழுதின லிவி ஆரம்பிக்கிறதே இதுல இருந்துதான்.

#3 சுடர்க்கொடி
தம்பி, லிவி எந்த ஊர்க்காரர்? அதே பதுவாதான். தன் ஊருக்கு ட்ராய் வம்சம் கொடுக்க அவருக்குக் கசக்குமா என்ன.

இலியட் இரண்டாம் காண்டத்தில் இருப்பது இவ்வளவுதான்: பைலேமெனீஸ் என்பவன் கருங்கடல் தென்கரையில் உள்ள பஃப்லகோனியாவிலிருந்து, காட்டுக் கோவேறு கழுதைகள் பிறக்கும் எனெடோய் நாட்டிலிருந்து, படை கொண்டுவந்தான். இத்தாலியும் இல்லை, கப்பல் பயணமும் இல்லை. ஏட்ரியாடிக் கரையில் அதே ஒலியுள்ள பெயரில் ஒரு மக்கள் இருப்பதைக் கேள்விப்பட்ட கிரேக்கர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். இடையில் பாலம் கட்ட ஆன்டெனோர் தோதாகக் கிடைத்தார்.

ரோமருக்கும் இந்தக் கதை லாபம்தான். ட்ராயிலிருந்து தப்பி வந்த ஈனியாஸ் வழியில் ரோமர் ட்ராய் வாரிசு, ஆன்டெனோர் வழியில் வெனெட்டியும் ட்ராய் வாரிசு, ஆகவே பங்காளிகள். கி.மு. 225-இல் கோல் படையெடுப்பு வந்தபோது வெனெட்டியும் பக்கத்துக் கூட்டமான செனோமானியும் சேர்ந்து 20,000 பேரை ரோமுக்குத் துணையாக அனுப்பினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். பதுவாவில் இன்றும் ஆன்டெனோர் கல்லறை என்று ஒன்றைக் காட்டுவார்கள். கட்டியது 1283-இல்!

#4 கொங்குப்பையன்
சரி, ட்ராயை விடுங்க. பிரிட்டனி ஆளுங்கதான் ஏட்ரியாடிக் ஆளுங்களோட முன்னோர்னு கிரேக்கப் புவியியல்காரர் ஸ்ட்ராபோ எழுதியிருக்காரே? அவர் என்ன பதுவாக்காரரா?

#5 சுடர்க்கொடி
எழுதியிருக்கிறார். கூடவே, இதை உறுதியாகச் சொல்லவில்லை, இந்த மாதிரி விஷயத்தில் நிகழக்கூடியது என்றாலே போதும் என்ற பொருளில் தப்பிக்க வழியும் வைத்திருக்கிறார். அந்த வரியை யாரும் எடுத்துப் போடுவதில்லை.

அவருக்கு முன்பே பாலிபியஸ் நேர்மாறாகச் சொல்லிவிட்டார்: ஏட்ரியாடிக் வெனெட்டியின் பழக்கவழக்கமும் உடையும் கோல்களுடையது போலத்தான், ஆனால் பேசுவது வேறு மொழி. பிரிட்டனி வெனெட்டி கெல்டிக் மொழிக்காரர்கள். ஏட்ரியாடிக்காரர்களின் மொழி கெல்டிக் அல்ல என்பதை இன்று பாலிபியஸ் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை. அவர்களே கல்லிலும் வெண்கலத்திலும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

#6 நீலமேகம்
அப்படி ஒரு எழுத்துச் சான்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஒன்றிரண்டு காட்டுங்களேன் அக்கா. பொதுவாக மொழிக்குடும்பம், கிளை என்று சொன்னால் தலையில் ஏற மாட்டேன் என்கிறது.

#7 சுடர்க்கொடி
காட்டுகிறேன். கொஞ்சம் நீளும்.

பதுவாவுக்குத் தென்மேற்கே எஸ்தே என்று ஒரு சின்ன ஊர். ரோமர் காலத்தில் அதெஸ்தே. அங்கே பரத்தெல்லா என்ற இடத்தில் ரெய்தியா என்ற பெண் தெய்வத்தின் வழிபாட்டிடம் இருந்தது. பக்தர்கள் காணிக்கை போட்ட பொருள்கள் மண்ணுக்குள்ளிருந்து குவியலாக வந்தன. அதில் விசேஷம், எழுதுகோல்கள். மெழுகுப் பலகையில் கீறும் வெண்கல எழுத்தாணிகள். அந்தப் பலகையின் வடிவிலேயே வெண்கலத் தகடுகளும் உண்டு. தகட்டில் கட்டம் போட்டு அ, க, எ, ஒ என்ற நாலு ஒலிக்கான எழுத்துகளை வரிவரியாகத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அடுத்து மெய்யெழுத்து வரிசை, கூட்டெழுத்து வரிசை. அதாவது எழுதப் பழகும் பாடத்தையே சாமிக்குப் படைத்திருக்கிறார்கள். போர்வீரன் வாளைப் படைப்பான், இவர்கள் எழுத்தைப் படைத்தார்கள். எனக்கு இந்த மக்கள்மேல் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஓர் எழுத்தாணியில் இருப்பது:

மெகோ தொனஸ்தோ ஷய்னதேய் ரெய்தியாய் போராய் எகெதோரா அய்மோய் கே லௌதெரொபோஸ்

எழுத்தாணியே பேசுகிறது: “அய்மோஸுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எகெதோரா என்னை ரெய்தியாவுக்குக் கொடுத்தாள்.” ஷய்னதே, போரா இரண்டும் தெய்வத்தின் அடைமொழிகள். லத்தீன் தெரிந்தவர்கள் தொனஸ்தோவில் ‘தோனாரே’யைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் என்பதற்கு லத்தீனில் ‘லீபெரி’. லௌதெரொபோஸ் அதன் ஒன்றுவிட்ட அண்ணன். ‘மெகோ’ மட்டும் லத்தீன் ‘மே’யை விட்டுவிட்டு ஜெர்மன் ‘மிஷ்’ பக்கம் சாய்கிறது. ஆக, இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தில் லத்தீனுக்குப் பக்கத்து வீடு, ஆனால் தனி வாசல். கி.மு. 6-ஆம் நூற்றாண்டு தொடங்கி 1-ஆம் நூற்றாண்டு வரை நூற்றுக்கணக்கில் இப்படி வாசகங்கள் கிடைத்திருக்கின்றன.

விச்சென்சாவுக்கு அருகே இசோலா விச்சென்தினாவில் கிடைத்த கல்லில் ‘வெனெத்கென்ஸ்’ என்ற சொல் இருக்கிறது. கிரேக்கனும் ரோமனும் வைத்த பெயர் இல்லை, அவர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்ட பெயர்.

#8 நீலமேகம்
எழுத்தாணியே பேசுவது பிரமாதம். எழுத்து எங்கிருந்து வந்தது? லத்தீன் எழுத்தா?

#9 சுடர்க்கொடி
ரோமருக்கு முன்பே மத்திய இத்தாலியில் (எட்ரூரியாவில்) வாழ்ந்த எட்ருஸ்கரிடமிருந்து. கூடவே ஒரு புள்ளி முறையும் வந்தது. உயிரோடு சேராமல் அசையின் கடைசியில் நிற்கும் மெய்க்கு இருபுறமும் புள்ளி குத்துவார்கள். சொல் முதலில் தனித்து வரும் உயிருக்கும் அப்படியே. நாம் மெய்க்குத் தலையில் புள்ளி வைப்பதை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும்.

#10 ஆதித்தடம்
மெய்க்குப் புள்ளியா!!! அப்போ இது தமிழிலிருந்து போனதுதான். வணிகர்கள் கொண்டுபோயிருப்பார்கள். பெயரிலேயே ‘வேந்தர்’ ஒலிக்கிறது பாருங்கள்.

#11 சுடர்க்கொடி
இல்லை. அந்தப் புள்ளி முறை தெற்கு எட்ரூரிய ஊர்களில் ஏற்கெனவே இருந்தது. வந்த வழி அங்கேயே தெளிவாக இருக்கும்போது மதுரை வரை வண்டி கட்ட வேண்டாம். புரிவதற்காகச் சொன்ன ஒப்புமை, அவ்வளவுதான்.

#12 மட்டுறுத்துநர்
‘வேந்தர்’ பற்றிய அடுத்த ஏழு பதிவுகள் நீக்கப்பட்டன. இழையின் பொருளில் நிற்கவும்.

#13 பெரியசாமி
இந்த நோய் நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1980-களில் யூகோஸ்லாவியா ஆட்டம் காண ஆரம்பித்த நேரத்தில் ஸ்லோவீனியர்கள் மூவர், மாதேய் போர், யோஷ்கோ ஷாவ்லி, இவான் தொமாஜிச், இதையே செய்தார்கள். வெனெட்டிகள் எங்கள் நேர் மூதாதையர், அந்தக் கல்வெட்டுகளை ஸ்லோவீனிய மொழியாலேயே வாசிக்கலாம் என்றார்கள். வெனெட்டிக் எழுத்தில் சொல் இடைவெளி கிடையாது. எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்றால் எந்த மொழியையும் வரவழைத்துவிடலாம். மேற்கண்ட வாசகத்தில் கொடுத்தவர், வாங்கியவர், யாருக்காக என்று இலக்கணம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிய்த்துப் போட்டு வேறு கவிதை செய்தார்கள். மொழியியலாளர்கள் யாரும் ஏற்கவில்லை. ஸ்லாவியர்கள் கிழக்கு ஆல்ப்ஸ் பக்கம் வந்தது கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

ஆனால் அதைக் கேலி செய்வதோடு விடவும் மனம் வரவில்லை. பெரிய நாடுகளின் நிழலில் இருந்த ஒரு சிறு மக்கள், “நாங்கள் நேற்று வந்தவர்கள் இல்லை” என்று சொல்ல ஆசைப்பட்டார்கள். லிவி செய்ததும் அதே வேலைதானே. அவர் அழகாக எழுதினார், தப்பித்தார்.

#14 மரக்கலம்
எல்லாரும் இத்தாலியிலேயே நிற்கிறீர்கள். இழை தொடங்கிய தம்பி கேட்டது பிரிட்டனியைப் பற்றி. நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன், கடல் பேச்சு வந்தால் கை சும்மா இருக்காது.

சண்டை வந்த காரணம் சோறு. கி.மு. 57 குளிர்காலத்தில் சீசரின் தளபதி இளைய கிராஸஸ் ஏழாம் லீஜியனோடு (ரோமப் படைப்பிரிவு) லுவார் ஆற்றுப் பக்கம் தங்கினான். தானியம் தட்டுப்பாடு. சுற்றியுள்ள மக்களிடம் கேட்டு வாங்க அதிகாரிகளை அனுப்பினான். வெனெட்டியிடம் போன வெலானியஸ், சிலியஸ் என்ற இருவரையும் அவர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். “எங்கள் பிணைக்கைதிகளைத் திருப்பிக் கொடு, உன் ஆளைத் திருப்பித் தருகிறோம்.” பக்கத்துக் கூட்டங்களும் சேர்ந்துகொண்டன. சீசர் பிரிட்டனுக்குப் போகத் திட்டமிட்டதைத் தடுக்கத்தான் இவர்கள் எழுந்தார்கள், அந்த வணிகம் அவர்கள் கையில் இருந்தது என்கிறார் ஸ்ட்ராபோ. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. லைன் ஓட்டுகிறவன் தன் லைனில் இன்னொருவனை விடுவானா?

அவர்கள் ஊர்கள் கடலுக்குள் நீண்ட நிலமூக்குகளில் இருந்தன. கடல் ஏற்றத்தில் தரை வழி மூடிக்கொள்ளும், காலாட்படை நெருங்க முடியாது. வற்றத்தில் கப்பல் தரைதட்டும், கடற்படை நெருங்க முடியாது. அந்தக் கரையில் பெரிய ஏற்றத்தன்று தண்ணீர் ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். மத்தியதரைக் கடலில் வளர்ந்தவனுக்கு அது பேய்க்கடல். ரோமர் பாடுபட்டுக் கரை எழுப்பி மதில் உயரத்துக்கு வருவார்கள். வந்ததும் இவர்கள் சொத்து சுகத்தை எல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு அடுத்த மூக்குக்குப் போய்விடுவார்கள். கோடைக்காலத்தில் பெரும்பகுதி இப்படியே கழிந்தது.

கப்பலைக் கேளுங்கள். முழுக்க ஓக் மரம். ஏரா (அடிக்கட்டை) ரோமக் கப்பலைவிடத் தட்டை, அதனால் வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்தாலும் கவலையில்லை. அணியமும் அமரமும் (முன்பக்கமும் பின்பக்கமும்) உயரம், பேரலைக்குத் தோதாக. குறுக்கு விட்டங்கள் ஓர் அடி தடிமன், அடித்த இரும்பாணி கட்டைவிரல் பருமன். நங்கூரத்துக்குக் கயிறு இல்லை, இரும்புச் சங்கிலி. பாய் துணி இல்லை, தோல். லினன் கிடைக்காததாலோ அல்லது, இதுதான் சரியாக இருக்கும், அந்தக் கடல் காற்றுக்குத் துணி தாங்காததாலோ என்று சீசரே எழுதுகிறார். எதிரியின் கப்பலை ஒருவன் இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறான் என்றால் உள்ளூர எவ்வளவு மிரண்டிருப்பான்!

ரோமக் கப்பலின் மூக்கால் முட்டினால் ஓக் அசையவில்லை. மேலே கோபுரம் கட்டி நின்றாலும் இவர்களின் அமரம் அதைவிட உயரம், எறியும் வேல் மேலே போய்ச் சேராது. சுமார் 220 கப்பல் இவர்களிடம். கடைசியில் ரோமர் கண்டுபிடித்த வழி நீளக் கழியில் மாட்டிய அரிவாள் கொக்கி. பாயை ஏற்றும் கயிற்றில் கொக்கியை மாட்டு, துடுப்பை வேகமாகப் போடு, கயிறு அறும், பருமல் (பாய் கட்டிய குறுக்குக் கம்பு) பாயோடு கீழே விழும். துடுப்பு இல்லாமல் பாயை மட்டும் நம்பிய கப்பல் அங்கேயே செத்தது. அப்புறம் இரண்டு மூன்று ரோமக் கப்பல் சூழ்ந்துகொண்டு ஆள் ஏறுவார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஓடிவிடலாம் என்று திருப்பினால் காற்று நின்றுவிட்டது. ஒரு மூச்சுக்கூட இல்லை. முற்பகலில் ஆரம்பித்தது பொழுது சாயும்போது முடிந்தது.

சீசர் அவர்களின் ஆட்சி மன்றத்தினரை ஒருவர் விடாமல் கொன்றார். மற்றவர்களை அடிமைகளாக விற்றார். தூதுவர்களின் உரிமையை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். தானியம் கேட்கப் போனவர்கள் எப்போது தூதுவர் ஆனார்கள் என்று கேட்க ஆளில்லை.

#15 கடலோடி
ஐயா, இதற்காகவே இழை தொடங்கலாம். அந்த மக்கள் அதோடு அழிந்தே போனார்களா?

#16 மரக்கலம்
“மற்றவர்களை விற்றார்” என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஊரே காலி. ஆனால் ரோமர் ஆட்சியிலும் அங்கே வெனெட்டி பெயரில்தான் வட்டாரம் இருந்தது, தாரியோரிதும் அதன் தலைமை ஊர். அதுதான் இன்றைய வான். பிரெட்டன் மொழியில் க்வெனெத். இரண்டுமே பழைய பெயரின் தேய்ந்த வடிவங்கள். ஆளில்லாத ஊருக்குப் பேர் நிலைக்காது.

#17 நீலமேகம்
கடற்படைத் தலைவன் புரூட்டஸ் என்று படித்தேன். “நீயுமா” புரூட்டஸா?

#18 மரக்கலம்
அவன் மார்க்கஸ். இவன் டெசிமஸ். ஆனால் இவனும் சளைத்தவன் இல்லை. கி.மு. 44 மார்ச்சில், சீசர் கொல்லப்பட்ட அன்று, வரமாட்டேன் என்றிருந்த அவரை வீட்டுக்கே போய்ப் பேசிச் சபைக்குக் கூட்டிவந்தது இவன்தான். பன்னிரண்டு வருஷம் முன்பு இந்தச் சண்டையில் பெயர் வாங்கிக் கொடுத்ததே சீசர்தான்.

#19 ஆதித்தடம்
டாசிட்டஸ் சொல்லும் கிழக்கு வெனெட்டி? பால்டிக் கரையிலிருந்து ஏட்ரியாடிக் வரை அம்பர் (கல்லாய் இறுகிய பழைய மரப்பிசின்) வணிகப் பாதை இருந்ததே. இரண்டு முனையிலும் ஒரே பெயர். இதுவும் தற்செயல்தானா?

#20 சுடர்க்கொடி
இது நல்ல கேள்வி. அம்பரை முதலில் பேர்பெறச் செய்தது ஏட்ரியாடிக் வெனெட்டிதான் என்று ரோம எழுத்தாளர் பிளினியே எழுதுகிறார். போ ஆற்றுக் கழிமுகம் அருகே ஃப்ராத்தெசினாவில் வெண்கலக் காலக் கடைசியிலேயே அம்பர் பட்டறைகள் இருந்தன. பாதை உண்மை. ஆனால் சரக்கு போக உறவு வேண்டியதில்லை. ஒரு கல் கைமாறிக் கைமாறி எத்தனையோ மொழிகளைக் கடந்து வந்துவிடும்.

டாசிட்டஸ் கி.பி. 98-இல் எழுதியதில் அவருக்கே குழப்பம். இவர்களை ஜெர்மானியரில் சேர்ப்பதா கிழக்கே புல்வெளி நாடோடிகளான சர்மாத்தியரில் சேர்ப்பதா என்று தடுமாறுகிறார். வீடு கட்டுகிறார்கள், கேடயம் வைத்திருக்கிறார்கள், கால்நடையாக வேகமாகப் போகிறார்கள். சர்மாத்தியனோ வண்டியிலும் குதிரையிலும் வாழ்பவன். ஆகவே ஜெர்மானியர் என்றே வைத்துக்கொள்வோம் என்கிறார். மொழி பற்றி ஒரு சொல் இல்லை. புவியியலாளர் டாலமி பால்டிக் கடலில் ஒரு வளைகுடாவையே அவர்கள் பெயரில் குறிக்கிறார். நானூற்றைம்பது வருஷம் கழித்து, 551-இல், வரலாறு எழுதிய யோர்தானஸ், போலந்தின் விஸ்துலா ஆற்றின் தோற்றுவாய்ப் பக்கம் வெனெதியைச் சொல்லி, இப்போது அவர்களை முக்கியமாக ஸ்கிளாவேனி, அன்தே என்கிறார்கள் என்று எழுதுகிறார். அந்த இரண்டும் ஸ்லாவியர்.

டாசிட்டஸின் வெனெட்டியும் யோர்தானஸின் வெனெதியும் ஒரே மக்கள்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஜெர்மானியர்கள் தங்கள் கிழக்கே இருந்த யாரையோ அந்தப் பெயரால் அழைத்துப் பழகினார்கள். பிறகு அந்த இடத்துக்கு யார் வந்தாலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்லாவியரை ஜெர்மானியர் ‘வெண்டன்’ என்றார்கள். ஃபின்லாந்துக்காரர்களுக்கு ரஷ்யா இன்றும் ‘வெனாயா’, எஸ்தோனியாவில் ‘வெனேமா’. எந்த ரஷ்யனும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

இதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. வோல்கே என்று ஒரு கெல்டிக் கூட்டம். ஜெர்மானிய வாயில் அது பொதுப்பெயராகி, வேல்ஸ், வலோனியா, வலாக்கியா என்று மூன்று திசையில் போய் ஒட்டியது. போலந்து மொழியில் இத்தாலிக்கே ‘வ்வொஹி’ என்று பெயர். வேல்ஸ்காரரும் ருமேனியரும் இத்தாலியரும் ஓரினம் என்று யாராவது சொல்வார்களா?

#21 பெரியசாமி
அதோடு இதையும் சேர்க்கலாம். ‘வென்’ என்ற பழைய வேருக்கு விரும்புதல் என்று பொருள். சமஸ்கிருத ‘வன்’, லத்தீன் ‘வீனஸ்’ எல்லாம் அதிலிருந்து வந்தவை. வெனெட்டி என்றால் ‘பிரியமானவர்கள், நம்மவர்கள்’ என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். நம்மவர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ள எந்தக் கூட்டமும் இன்னொரு கூட்டத்திடம் கடன் வாங்க வேண்டியதில்லை.

#22 கடலோடி
டிஎன்ஏ சோதனையில் தெரிந்துவிடாதா?

#23 சுடர்க்கொடி
எஸ்தே மக்கள் பெரும்பாலும் பிணத்தை எரித்தார்கள். சாம்பலைக் கலத்தில் போட்டுப் புதைத்தார்கள். தொடக்க கால ஸ்லாவியரும் எரித்தவர்களே. எரிந்த எலும்பில் மரபணு தேடுவது பெரும்பாடு. புதைத்தவை கொஞ்சம் உண்டு, பதுவாவில் குதிரையோடு சேர்த்துப் புதைத்த மனிதன்கூடக் கிடைத்திருக்கிறான். ஆனால் ஊரில் பெரும்பான்மை எரிந்துபோனபின் மிச்சமிருக்கும் சிலரை வைத்து இனம் முழுவதையும் எடை போட முடியாது.

ஆனால் அவர்கள் கல்லறைகளால் நமக்கு லாபமும் உண்டு. எஸ்தேயில் பென்வெனுத்தி வாளி என்று ஒரு வெண்கலக் கலம் இருக்கிறது, கி.மு. 600 வாக்கில் செய்தது, கல்லறையில் கிடைத்தது. தகட்டை உள்ளிருந்து தட்டி எழுப்பிய உருவங்கள் மூன்று வரிசை. மேல் வரிசையில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கிண்ணத்தில் குடிக்கிறார். குத்துச்சண்டை நடக்கிறது. ஒரு குதிரையின் குளம்பைத் தூக்கி ஒருவன் சோதிக்கிறான், சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்க்கிற அதே தோரணை. கீழ் வரிசையில் கைதிகளை நடத்திக்கொண்டு போர்வீரர்கள் திரும்புகிறார்கள்.

#24 கொங்குப்பையன்
குதிரைன்னு நீங்களே சொல்லிட்டீங்க அக்கா, இப்ப நான் விட மாட்டேன். ஸ்பார்ட்டாவோட லியோன் கி.மு. 440-ல ஒலிம்பிக் தேர்ப்போட்டி ஜெயிச்சது வெனெட்டிக் குதிரையாலதான். சிரக்யூஸ் டயனீசியஸ் இங்க இருந்துதான் பந்தயக் குதிரை வாங்கினான். ஹோமர் என்ன சொல்றார்? எனெடோய் நாடு கோவேறு கழுதைக்குப் பேர்போனது. இங்கயும் குதிரை வளர்ப்பு, அங்கயும் கோவேறு கழுதை வளர்ப்பு. ஸ்ட்ராபோவே இதை ஆதாரமா வெக்கிறார்.

#25 சுடர்க்கொடி
வைக்கிறார். ஆனால் ஹோமரின் கோவேறு கழுதைகள் காட்டில் திரிபவை தம்பி, வளர்த்தவை என்று அவர் சொல்லவில்லை. போ சமவெளியில் அவ்வளவு புல் இருக்கும்போது குதிரை வளர்க்க ட்ராயிலிருந்து ஆள் வர வேண்டுமா?

#26 கொங்குப்பையன்
புல் இருக்கிற எல்லா ஊர்லயும் ஒலிம்பிக் குதிரையா பொறந்துது? பிரிட்டனியையும் போலந்தையும் நீங்களே வெச்சுக்கோங்க அக்கா, பஃப்லகோனியாவை மட்டும் நான் கொடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை லீவு, ஸ்ட்ராபோ ஐந்தாம் புத்தகத்தைத் திரும்ப எடுத்து உட்கார்றேன். ஆன்டெனோர் இல்லாம திரும்பி வந்தா பேசுங்க.